பெஞ்சில் இருக்கும் மாதத்துக்கும் சம்பளம் உண்டு: டல்லாஸில் வேலை பார்ப்பவரின் தந்தைக்கு

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மகனைப் பற்றியது, கடைசி நான்கு வரிகள் மகளின் அமெரிக்கப் படிப்பைப் பற்றியவை. என் பதிலும் அந்த அளவிலேயே இருக்கும். மகன் எச்-1பி விசாவில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான தற்காலிக வேலை விசா), மென்பொருள் ஊழியர்களைப் பிற நிறுவனங்களின் ப்ராஜெக்டுகளுக்கு அனுப்பும் ஒரு கன்சல்டன்சியில் இருக்கிறார். ப்ராஜெக்ட் இல்லை என்று அவரை 'பெஞ்சில்', அதாவது வேலை ஒதுக்காமல், உட்கார வைத்துச் சம்பளம் தரவில்லை, முன்கூட்டியே விலகினால் 20,000 டாலர் கட்ட வேண்டும் என்ற பாண்டு பத்திரமும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

"பேசாமல் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மாதமும் நிறுவனத்துக்குத்தான் லாபம்.

உங்கள் பயம் முழுவதும் வேலை போய்விடுமோ என்பதில் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். அமெரிக்காவில் வேலைக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. மொன்டானா மாநிலம் தவிர மற்ற எங்கும், தனியார் நிறுவனம் காரணம் சொல்லாமல் இன்றைக்கே ஒருவரை அனுப்பிவிடலாம். இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி அனுப்பக் கூடாது என்கிறது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதையும் பல சட்டங்கள் தடுக்கின்றன. இவை போன்ற சில விலக்குகளைத் தவிர்த்தால், நம் ஊர் ஆலைகளில் நீங்கள் பார்த்த விசாரணை, விளக்கம் கேட்கும் கடிதம், லேபர் கோர்ட் எதையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் சம்பள விஷயத்தில் அதே நாடு கறாரானது. உங்கள் மகனுடைய பிரச்சினை சம்பளப் பிரச்சினை. அந்த வகையில் அவர் பலமான இடத்தில்தான் நிற்கிறார்.

எச்-1பி விசாவில் ஒருவரை அமர்த்த விரும்பும் நிறுவனம், முதலில் எல்சிஏ என்ற உறுதிமொழிப் படிவத்தைத் தொழிலாளர் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். எவ்வளவு சம்பளம், எந்த ஊரில் வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலையில் சேரும் நாளுக்குள் அதன் நகலை ஊழியரிடம் கொடுத்திருக்க வேண்டும். மகனிடம் அது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பல கன்சல்டன்சிகள் அதைக் கொடுப்பதில்லை, பையன்களும் கேட்பதில்லை.

ப்ராஜெக்ட் கிடைக்காமல் ஊழியரை உட்கார வைத்தால் அது நிறுவனத்தின் பாடு. அந்த நாட்களுக்கும் எல்சிஏவில் சொன்ன சம்பளத்தைத் தர வேண்டும் என்று 1998-இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டமாகவே எழுதிவிட்டது. "கிளையன்ட் கிடைத்ததும் சேர்த்துத் தருகிறோம்" என்பதற்கு அதில் இடமில்லை. ஒரே ஒரு முக்கியமான ஓட்டை உண்டு. ஊழியர் தன் சொந்தக் காரணத்துக்காக, தானே விரும்பி விடுப்பு எடுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. அதனால்தான் சில நிறுவனங்கள், "சொந்த வேலையாக இரண்டு மாதம் விடுப்பு வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடு, வெறும் ஃபார்மாலிட்டிதான்" என்று மிக இனிமையாகக் கேட்கும். உங்கள் மகன் இதுவரை அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் இனியும் கொடுக்க வேண்டாம். மாறாக, "நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன், ப்ராஜெக்ட் ஒதுக்குங்கள்" என்று வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். அதன் நகல் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் இருந்தால் போதாது, அவருடைய சொந்தக் கணக்கிலும் இருக்க வேண்டும்.

"டிபோர்ட் செய்துவிடுவோம்" என்று மிரட்டினார்களாம். எந்த கன்சல்டன்சிக்கும் அந்த அதிகாரம் கிடையாது. அவர்களால் முடிந்தது, வேலையை விட்டு நீக்கி, குடியேற்றத் துறைக்குத் தெரிவித்து, விசா மனுவைத் திரும்பப் பெறுவது. அப்படி இடையில் நீக்கினால் ஊர் திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவையும் தர முன்வர வேண்டும். நீக்கப்பட்டவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் கிடைக்கும். எந்த நாள் வரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அந்த நாள் வரைதான். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனுத் தாக்கல் செய்துவிட்டால், பொதுவாக முடிவு வரும்வரை காத்திராமல் அங்கே வேலையைத் தொடங்கலாம். ஆகவே இப்போதே புதிய இடம் தேடத் தொடங்கட்டும். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்டது நம் ஊர்க் கவலை. அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. புதிய நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பது சம்பளச் சீட்டுகளை. சம்பளமே தராத மாதங்களுக்கு அவை இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல். நாள் கடத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதும் அதற்காகத்தான்.

பாண்டு பத்திரத்துக்கு வருகிறேன். முன்கூட்டியே விலகியதற்குத் தண்டனையாகப் பணம் வசூலிக்க எச்-1பி விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்படும் நஷ்டத்தை நியாயமாக மதிப்பிட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், மாநிலச் சட்டப்படி அது செல்லுபடியாகலாம். 20,000 டாலர் இவற்றில் எந்த வகை என்பதை நானோ நீங்களோ வாட்ஸ்அப்பில் தீர்மானிக்க முடியாது. அந்தப் பக்கத்தை ஒரு வழக்கறிஞர் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் உறுதி. விசா மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணமும் மனுவோடு அரசுக்குக் கட்டும் பயிற்சிக் கட்டணமும் நிறுவனத்தின் செலவு. அவற்றை மகனிடம் பிடித்திருந்தால் அதுவும் புகாருக்குரியது.

புகாரைத் தொழிலாளர் துறையின் ஊதியம் மற்றும் வேலை நேரப் பிரிவிடம் டபிள்யூஎச்-4 என்ற படிவத்தில் கொடுக்கலாம். விதிமீறல் நடந்த 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. புகார் கொடுத்ததால் நீக்கி, அதனால் விசா நிலையில் இடைவெளி விழுந்தால், புகாரின் நகலைக் காட்டிக் குடியேற்றத் துறையிடம் சலுகை கேட்க விதியில் வழி இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸில் உடன் இருக்கும் மற்றவர்களுக்கும் சம்பளம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சம்பளத்தைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசுவதை 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" என்ற உத்தரவுக்கு அவர்கள் பணிய வேண்டியதில்லை.

"இந்தியர்கள் புகார் கொடுத்து அங்கே எடுபடுமா?" என்ற கேள்விக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2005-இல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் தற்காலிக விசாவில் கொண்டுபோனது. நெருக்கடியான முகாமில் தங்கவைத்து, அதற்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் சம்பளத்தில் பிடித்தது. 2008-இல் அவர்களில் பலர் வெளிநடப்புச் செய்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்ற ஜூரி, ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டுகள் ஆனது என்பதையும் மறைக்கவில்லை.

இனி சங்கடமான ஒரு கேள்வி. மகனின் ரெஸ்யூமேயில் இல்லாத அனுபவத்தை அந்த நிறுவனம் சேர்த்து எழுதியதா? அதற்கு அவர் ஒப்புக்கொண்டாரா? இந்தத் தொழிலில் அது சாதாரணமாக நடக்கிறது. நடந்திருந்தால் படிவத்தைத் தொடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும். அவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். நிறுவனம் ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞரிடம் மட்டும் போகக் கூடாது.

முந்தைய ப்ராஜெக்டில் வாரம் 60 மணி நேரம் உழைத்ததற்கு ஓவர்டைம் அநேகமாகக் கிடைக்காது. 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி என்பது 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாதச் சம்பளம் வாங்கும் மென்பொருள் வல்லுநர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஆதங்கத்தை விட்டுவிடுங்கள்.

மகளுக்கு: மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நூலகம், உணவகம் எதுவானாலும் சரி. வெளியே பெட்ரோல் பங்கிலோ ஹோட்டலிலோ அனுமதியின்றி ரொக்கக் கூலிக்குப் போகவே கூடாது. அங்கே கூலியை ஏமாற்றினால் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் விசாவே பறிபோகலாம். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது, டெக்சாஸிலும் அதுதான். கலிஃபோர்னியாவில் 16 டாலருக்கு மேல். எனவே பகுதி நேர வருமானத்தை நம்பிக் கல்விக் கடனைக் கணக்குப் போடாதீர்கள்.

மகனிடம் சொல்லி ஆஃபர் லெட்டர், எல்சிஏ, பாண்டு பத்திரம், கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை ஆகியவற்றை ஸ்கேன் செய்து இந்த வாரத்துக்குள் அனுப்பச் சொல்லுங்கள். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவற்றைப் பார்த்து எழுதித் தருகிறேன்.