டிரையர் மணிக்குள் தண்ணீர் போகிறது, கேஸ் ஏன் போவதில்லை?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கிறேன். கேஸ் பைப்பில் ஈரத்தை உறிஞ்ச வைக்கும் ஃபில்டர் டிரையரை அறுத்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள் கொட்டுகின்றன. புது மணிகளைக் கையில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உள்ளங்கை சுட்டுவிட்டது! இது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைக் குளிரவைக்கும் ஆர்-600ஏ கேஸை மட்டும் எப்படி விட்டுவிடுகிறது?

பதில்: அந்தச் சூட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் மணியிலுள்ள நுண்துளைகளின் வாசலைப் பார்ப்போம். மணியில் இருப்பது ஜியோலைட். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்து கட்டிய கூடு, வாசல்கள் எல்லாம் ஒரே அளவு. டிரையரில் பெரும்பாலும் 3ஏ வகைதான் வரும், அதன் வாசல் சுமார் 0.3 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு அதைவிட ஒல்லி, நுழைந்துவிடும். ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், தடிமன் சுமார் 0.5 நானோமீட்டர், அதனால் வெளியிலேயே நிற்கும். இதே கூட்டில் இருக்கும் பொட்டாசியத்தை எடுத்துவிட்டுக் கால்சியத்தை வைத்தால் வாசல் பெரிதாகி 5ஏ ஆகிவிடும். அப்போது நேராக நீண்ட சாதா பியூட்டேன் உள்ளே போகும், அதே நாலு கார்பன் உள்ள ஐசோபியூட்டேன் கிளை விட்டிருப்பதால் அப்போதும் வெளியேதான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இது.

சரி, நுழைந்தது ஏன் தங்குகிறது? அலுமினியம் இருப்பதால் கூட்டுக்கு எதிர்மின்சுமை வரும், அதை ஈடுகட்டப் பொட்டாசியம் அயனி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீரின் ஆக்சிஜன் முனை அதோடு ஒட்டும்போது வெளியேறும் ஆற்றல்தான் உங்கள் கையைச் சுட்டது. வாசல் போதுமான அளவு இருந்தால் ஆல்கஹாலும் இப்படியே ஒட்டும். பியூட்டேனுக்கு அந்தப் பிடி கிடையாது, ஆனால் ஒடுக்கமான துளைக்குள் போனால் சுற்றிலும் சுவர் நெருங்கி, பல்லியைச் சுவரில் நிறுத்தும் அதே மெல்லிய விசை ஒவ்வொரு கார்பனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சங்கிலி நீள நீளப் பிடி இறுகும்.

சூடு பட்டால் ஒட்டியது விட்டுவிடும். 1756-இல் ஸ்வீடனில் குரோன்ஸ்டெட் என்ற கனிமவியலாளர் இந்த வகைக் கல் ஒன்றைச் சூடாக்கியபோது அது தண்ணீரை விட்டுப் பொங்கியது, கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் ஜியோலைட் என்ற பெயரையே வைத்துவிட்டார். அதனால் பழைய டிரையரை டார்ச் காட்டிக் கழற்றாதீர்கள். பிடித்து வைத்த ஈரமெல்லாம் பைப்புக்குள் திரும்பிவிடும், அப்புறம் கேபிலரி என்ற மெல்லிய குழாயின் முனையில் ஐஸ் கட்டி அடைத்துக்கொள்ளும். போதாததற்கு ஆர்-600ஏ எரியும் கேஸ். கேஸை முழுக்க வெளியேற்றிவிட்டு, டிரையரைக் கட்டரால் அறுத்து எடுங்கள். புது டிரையரின் மூடியை, பைப்போடு உருக்கி ஒட்டும் பிரேசிங்குக்கு முந்தின நிமிடம்தான் திறக்க வேண்டும், ஜூன் மழையில் காற்றிலிருக்கும் ஈரத்தையே அது குடித்துவிடும்.