குறிப்புச் செயலியை ஏஐ உதவியாளருடன் இணைக்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சாட்ஜிபிடிக்கு மாதச் சந்தா கட்டிவருகிறேன். ஆப்சிடியன் என்னும் குறிப்புச் செயலியில் உள்ள குறிப்புகளை அதனுடன் இணைக்க ஒரு பிளகின் (துணை மென்பொருள்) நிறுவினேன். அது ஏபிஐ கீ கேட்கிறது. கீ வாங்கப் போனால் மறுபடியும் பணம் கேட்கிறார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. உங்கள் சந்தா உரையாடல் செயலிக்கு மட்டும் உரியது. ஏபிஐ என்பது பிளகின் போன்ற வேறு மென்பொருள்கள் உதவியாளரை நேரடியாகப் பயன்படுத்தும் வழி; அதற்குத் தனிக் கணக்கு. கீ என்பது அந்தக் கணக்குக்கான கடவுச்சொல் போன்றது. நீங்கள் அனுப்பும் எழுத்தும் திரும்பி வரும் எழுத்தும் டோக்கன்கள் என்னும் சிறு துண்டுகளாக எண்ணப்பட்டு, கட்டணம் மின்மீட்டரைப் போல ஓடிக்கொண்டிருக்கும். ஒரே செய்தி ஆங்கிலத்தில் இருப்பதைவிடத் தமிழில் இருந்தால் பொதுவாகக் கூடுதல் டோக்கன்களை எடுத்துக்கொள்ளும் என்பதால், தமிழில் குறிப்பு எழுதுகிறவர் சிறு தொகையை மட்டும் முன்பணமாகக் கட்டி, இருப்பு தீர்ந்தால் தானாக நிரப்பும் வசதியை அணைத்து வைப்பது நல்லது. கீ தேவைப்படாத வழியும் உண்டு. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஏஐ உதவியாளரை வெளிக் கோப்புகளுடனும் செயலிகளுடனும் இணைக்கும் எம்சிபி என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது; அதன் வழியாக, அந்நிறுவனத்தின் உதவியாளரான கிளாட்டின் டெஸ்க்டாப் செயலி, உங்கள் கணினியில் நீங்கள் காட்டும் கோப்புறையை மட்டும் வாசிக்கும். அங்கே தனி மீட்டர் கிடையாது; அந்தச் செயலியில் உங்கள் கணக்குக்கு உள்ள பயன்பாட்டு வரம்பிலேயே அது கழியும்.

கேள்வி: ஏஐயுடன் இணைப்பதற்கென்றே ஒரு நல்ல குறிப்புச் செயலி வாங்க வேண்டும். எதை வாங்கலாம்? (திருச்சி மாணவர்)

பதில்: எதையும் வாங்க வேண்டாம், ஆப்சிடியனும் ஜாப்லினும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: பல ஆண்டுப் பாடக்குறிப்புகள் ஒரு நிறுவனத்தின் செயலியில் உள்ளன. அவற்றை ஏஐ உதவியாளருக்குக் கொடுக்க முயன்றால், பிடிஎஃப் ஆக மட்டுமே வெளியே எடுக்க முடிகிறது. என்ன செய்வது? (சென்னைக் கல்லூரி ஆசிரியர்)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். குறிப்புச் செயலி விற்கிறவர்கள் எழுதும் வசதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். எழுதியதை வெளியே எடுக்கும் வசதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். எவர்நோட் 2023 டிசம்பரில் தன் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகள், ஒரே நோட்டுப்புத்தகம் என்று சுருக்கியபோது, பழைய குறிப்புகளை வெளியே எடுக்கும் வழியையாவது திறந்தே வைத்திருந்தது. எல்லா நிறுவனமும் அந்த அளவுக்கு நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. நானே ஒரு செயலிக்கு ‘ஆயுள் சந்தா’ கட்டினேன். என் ஆயுள் நீடிக்கிறது, அதன் ஆயுள் முடிந்துவிட்டது. கடைசியில் கையில் கிடைத்தது தேதியும் தலைப்பும் கலைந்த ஒரே நீளக் கோப்பு.

ஆப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் உங்கள் கணினியிலேயே மார்க்டவுன் கோப்பாக வைக்கிறது. மார்க்டவுன் 2004இல் வந்த எளிய எழுத்து வடிவம். நோட்பேடிலும் திறக்கும், ஏஐ உதவியாளரும் இடைத்தரகர் இல்லாமல் படிக்கும். கூகுள் கீப் பயன்படுத்துகிறவர்கள் கூகுளின் தரவுகளை வெளியே எடுக்க உதவும் டேக்அவுட் சேவை மூலம் குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிடிஎஃப்களையும் உதவியாளர் வாசிக்கும். ஆனால் குறிப்புகளுக்கு இடையிலான இணைப்புகளும் குறிச்சொற்களும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே, அடிக்கடி எடுத்துப் பார்க்கும் பாடங்களை மட்டும் எளிய எழுத்துக்கு மாற்றிக்கொண்டு, மற்றவற்றைப் பிடிஎஃப் ஆகவே விட்டுவிடுங்கள். இனி எந்தச் செயலிக்குப் பணம் கட்டுவதாக இருந்தாலும், பத்துக் குறிப்புகள் எழுதி, வெளியே எடுத்து, நோட்பேடில் திறந்து பார்த்த பிறகே கட்டுங்கள்.

கேள்வி: என் ஆப்சிடியன் கோப்புறை முழுவதையும் உதவியாளருக்குத் திறந்துவிட்டு, ‘எப்போதும் அனுமதி’ கொடுத்து, ஒழுங்குபடுத்தச் சொன்னேன். பல குறிப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, சில காணாமல் போயின. வங்கிக் கடவுச்சொற்களும் அதில் இருந்தன. நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: எந்த நிறுவனத்தின் மீது? ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டுச் செய்ய வேண்டியதை, ‘இனிமேல் கேட்காதே’ என்று சொன்னவர் நீங்கள். முதலில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அவற்றைக் குறிப்புச் செயலியில் எழுதி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பிறகு ஆப்சிடியன் அமைப்புகளில் உள்ள கோப்பு மீட்பு வசதியைத் திறந்து பாருங்கள். வழக்கமான அமைப்பில் 7 நாள் வரையிலான பழைய நகல்களை அது வைத்திருக்கும் என்பதால் தாமதிக்க வேண்டாம். அடுத்த முறை ஒரு நகல் கோப்புறையை மட்டும், வாசிக்கும் உரிமையோடு மட்டும் கொடுங்கள். இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய குறிப்புகளில் உதவியாளரைத் திசைதிருப்பும் கட்டளைகள் ஒளிந்திருக்கலாம். எழுதவும் அழிக்கவும் உரிமை பெற்ற உதவியாளர் அவற்றை உங்கள் சொல்லாகவே எடுத்துக்கொண்டுவிடக்கூடும்.

கேள்வி: தையல் கடை நடத்துகிறேன். அளவுக் குறிப்புகளை ஏஐ நினைவில் வைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு செயலியின் இலவசச் சோதனையில் சேர்ந்தேன். பிடிக்காமல் அன்றே நீக்கிவிட்டேன். பிறகு ஓராண்டுச் சந்தா யுபிஐ வழியாகப் போய்விட்டது. அவர்கள் பதில் தருவதில்லை. (திருப்பூர் வாசகி)

பதில்: அம்மா, இதில் உங்கள் பக்கம் பிழை இல்லை, சேரும் வழியை அகலமாகவும் விலகும் வழியைக் குறுகலாகவும் கட்டி வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். செயலியை நீக்குவதால் ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்கும்) அனுமதி நீங்குவதில்லை என்பதால், இன்றே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குச் சென்று அதை ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வந்ததா என்று குறுஞ்செய்திகளில் தேடி, விளம்பரம், சோதனை நிபந்தனை, பணம் போன விவரம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று என்பதைப் புகாரில் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: எம்சிபி இணைப்பை அமைத்துத் தர ஒருவர் 5,000 ரூபாயும் என் ஏபிஐ கீயும் கேட்கிறார். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: மென்பொருள் இலவசம், அவருடைய உழைப்புக்கு எவ்வளவு தரலாம் என்பது உங்கள் விருப்பம். கீயை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் செலவழிப்பதற்கும் பில் உங்கள் பெயரில்தான் வரும்.