தனி ஆளாக நாரோபோட் ஓட்டி லாக்குகளைக் கடக்க முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்காமில் வசிக்கிறேன். நண்பர் ஒருவர் தம்முடைய 50 அடி நாரோபோட்டை (குறுகிய கால்வாய்களுக்கான ஒடுக்கமான நீளப் படகை) ஒரு வாரத்துக்கு எனக்குத் தர முன்வந்திருக்கிறார். அவரோடு சில முறை போயிருப்பதால் சுக்கான் பிடிக்கத் தெரியும். தொலைக்காட்சியில் ஒருவர் யார் துணையும் இல்லாமல் லாக்குகளை (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை) கடந்து போவதைப் பார்த்த பிறகு, நானும் தனியாக வூஸ்டர் வரை போய்வரலாமா என்று தோன்றுகிறது. அதற்கு அனுமதி உண்டா? தனி ஆளால் ஆகிற வேலைதானா?

பதில்: சட்டப்படி தடை எதுவும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், படகுக்கு உரிமமும் காப்பீடும் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும் என்கிறதே தவிர, ஓட்டுபவருக்குத் தனி உரிமம் வேண்டும் என்றோ கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றோ கேட்பதில்லை. வாடகைப் படகு நிறுவனங்களில் பல, பெரியவர்கள் இருவராவது இல்லாமல் படகைக் கொடுப்பதில்லை. அந்த வகையில் நண்பரின் படகு கிடைத்தது நல்லதுதான்; ஆனால் உரிமையாளர் இல்லாமல் வேறொருவர் தனியாக ஓட்டுவதை அவருடைய காப்பீடு ஏற்கிறதா என்பதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, தனி ஆளால் முடியும். பலர் ஆண்டு முழுவதும் அப்படித்தான் போய்வருகிறார்கள். தொலைக்காட்சியில் கண்ட வேகத்தில்தான் முடியாது. 2014-இல் தொடங்கிய ‘கிரேட் கனால் ஜர்னீஸ்’ தொடரில் நடிகத் தம்பதியான திமதி வெஸ்ட்டும் ப்ரூனெல்லா ஸ்கேல்ஸும் இருவராகப் பயணம் செய்தார்கள். படப்பிடிப்புக் குழு வேறு உடன் இருந்தது. பிபிசி ஃபோரில் 2019-இல் தொடங்கிய ‘கனால் போட் டைரீஸ்’ தொடரின் ராபி கமிங் உண்மையாகவே தனியாகப் போய், தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்பவர். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கலாம். அதிலும் ஒரு லாக் சில காட்சித் துண்டுகளில் முடிந்துவிடும். படகைக் கட்டுவதையும், கரையேறி நடப்பதையும், தொட்டி நிரம்பக் காத்திருப்பதையும், திரும்பி வந்து கதவைச் சாத்துவதையும் அரைமணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நிகழ்நேரத்தில் இரண்டு மணி நேரம், பேச்சோ இசையோ இல்லாமல் கால்வாய்ப் பயணம் ஒன்றைக் காட்டிய 2015-ஆம் ஆண்டின் ‘ஆல் அபோர்டு! தி கனால் டிரிப்’ நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழியோ, பாத் நகரின் மேல் லாக்கிலிருந்து டண்டாஸ் நீர்ப்பாலம் வரை. இடையில் ஒரு லாக்கும் கிடையாது. திரையில் வெட்டிவிடப்படும் அந்த நடைதான் தனிப் படகோட்டியின் வேலையில் பெரும்பங்கு. அதை மிச்சம் பிடிக்க நினைத்துத் தாவுவதும் குதிப்பதும்தான் விபத்தில் கொண்டுபோய் விடும்.

இனி முறை. நீங்கள் போகவிருக்கும் குறுகிய கால்வாய்களில் லாக் என்பது சுமார் 7 அடி அகலமும் 70 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உள்ள கல் தொட்டி. படகின் அகலமோ 6 அடி 10 அங்குலம். தொட்டியில் தண்ணீரை நிரப்பவும் வடிக்கவும் உள்ள மதகுகளை வின்ட்லாஸ் என்னும் எல் வடிவக் கைப்பிடியால் திருகித் திறப்பதும் மூடுவதும் உங்கள் பொறுப்பு.

மேலேறும்போது, லாக்குக்கு முன்னால் உள்ள துறையில் படகை நிறுத்தி, கூரையின் நடுவில் பொருத்தப்பட்ட நடுக்கயிற்றால் கட்டிவிட்டு நடந்து போங்கள். எதிரிலிருந்து படகு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், தொட்டியும் நிரம்பியிருந்தால், முறை அவருடையது. இல்லையென்றால் மேல் மதகுகள் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு தொட்டியைக் காலி செய்து, கீழ்க் கதவுகளைத் திறந்து, படகை மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். இப்போது நீங்கள் ஈரச் சுவர்களுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பீர்கள். நடுக்கயிற்றின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாசி பிடித்த இரும்பு ஏணியில் இரண்டு கைகளாலும் பிடித்து ஏற வேண்டும். வின்ட்லாஸ் கையில் இருக்கக் கூடாது, இடுப்பு வாரில் செருகியிருக்க வேண்டும். கீழ்க் கதவு பல லாக்குகளில் இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டு, மேல் கதவின் நடைபலகை வழியாகச் சுற்றிப்போய் மற்றதைச் சாத்துங்கள். பாதி திறந்த இரு கதவுகளுக்கும் இடையே தாண்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அது உங்களுக்கு வேண்டாம். பிறகு, கயிற்றைக் கரையில் உள்ள கட்டுக்கம்பத்தில் ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடித்தபடி, தரைக்கு அடியில் உள்ள குழாய் வழியே தண்ணீர் விடும் மேல்பக்கத் தரையடி மதகை முதலில் பாதி மட்டும் தூக்குங்கள். மேல் கதவிலேயே மதகு இருந்தால், அது தண்ணீருக்குள் மூழ்கும்வரை தொடாதீர்கள். முன்னதாகத் திறந்தால் வெள்ளம் நேரே படகின் முன்தளத்தில் கொட்டும்.

கீழிறங்குவது உடலுக்கு எளிது, ஆபத்தோ அதிகம். மேல் கதவுக்கு அடியில் சில் எனப்படும் கற்படி ஒன்று தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. அது எதுவரை வருகிறது என்பதைக் கரையில் வெள்ளைக் கோடு போட்டுக் குறித்திருப்பார்கள். தண்ணீர் வடியும்போது படகின் பின்முனை அந்தக் கோட்டுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டால், சுக்கான் பக்கம் கல்லில் உட்கார்ந்துகொள்ள, முன்பக்கம் மட்டும் தண்ணீரோடு கீழே போகும். பல டன் எடையுள்ள படகு அப்படிச் சாய்ந்தால் முன்வாசல் வழியாக நீர் புகுந்து மூழ்க அதிக நேரம் ஆகாது. இருவர் இருந்தால் ஒருவர் சுக்கானில் நின்று இதைக் கவனிப்பார். தனியாக இருக்கும் நீங்கள் கீழ் மதகைத் திறந்த கையோடு, நடுக்கயிறும் கையுமாக, பின்முனையும் வெள்ளைக் கோடும் ஒருசேரத் தெரியும் இடத்துக்கு வந்து நின்றுகொள்ளுங்கள். கைப்பேசியைத் தொட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், வேடிக்கை பார்ப்பவர் கேள்விக்குப் பதிலும் பிறகு சொல்லலாம். படகு சாய்வதுபோல் தெரிந்தால் உடனே கீழ் மதகுகளை மூடுங்கள். அதன்பின் மேல் மதகை மெதுவாகத் திறந்து தண்ணீரை ஏற்றுங்கள். லாக்குக்குள் எந்தக் கயிற்றையும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிவிடும்.

வின்ட்லாஸைத் திருகுமுனையில் மாட்டியபடி விட்டுவிட்டு நகரக் கூடாது. தடுப்புக் கொக்கி நழுவினால் அது சுழன்றடிக்கும் வேகத்தில் கை எலும்பு முறியும். கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லாதவர் என்பதால், தானாக உப்பும் மிதவைச் சட்டையை லாக்குக்கு லாக் கழற்றாமல் அணிந்திருங்கள்.

வூஸ்டர் யோசனைக்கு மட்டும் என் ஆதரவு இல்லை. வூஸ்டர் அண்ட் பர்மிங்காம் கால்வாயின் நீளம் சுமார் 30 மைல், லாக்குகள் 58. போய்வர 116. தனி ஆளுக்கு ஒரு லாக்குக்கு 25 நிமிடம் என்று வைத்தாலே லாக்குகளில் மட்டும் 48 மணி நேரம் போய்விடும். மணிக்கு 4 மைல் என்பது உச்ச வரம்பு. நிறுத்திய படகுகளைத் தாண்டும்போது வேகம் தணிப்பதால் 3 மைலே கணக்கு, ஆக ஓட்டத்துக்கு மேலும் 20 மணி நேரம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டி உழைப்பது விடுமுறை ஆகாது. தவிர, பர்மிங்காமிலிருந்து 14 மைல் சமமாக வந்தபின் நீங்கள் எதிர்கொள்ளும் முதல் லாக், 30 லாக்குகள் கொண்ட டார்டபிக் தொடரின் மேல் லாக். நாட்டின் ஆழமான குறுகிய லாக்குகளில் ஒன்று. பழகுவதற்கான இடம் அதுவல்ல.

அதற்குப் பதில் கிங்ஸ் நார்ட்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாய்க்குத் திரும்பி லாப்வொர்த் வரை போங்கள். அங்குள்ள லாக்குகள் ஆழம் குறைந்தவை. அந்தக் கால்வாயில் நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரும்புப் பாலங்களையும் காணலாம். குதிரை இழுக்கும் கயிறு தடையின்றிக் கடக்க விட்ட அந்தச் சந்து, இன்று கரையில் நின்று படகைக் கயிற்றால் வெளியே இழுக்கும் தனிப் படகோட்டிக்கும் உதவுகிறது. வழியில் தூக்குப்பாலமும் உண்டு. பொதுவாகத் தூக்குப்பாலங்களை இயக்கும் அமைப்பு பல இடங்களில் நடைபாதைக்கு எதிர்க்கரையில் இருப்பதால், தனியாகப் போகிறவருக்கு அவை லாக்கைவிடத் தொல்லையானவை. பின்னால் வரும் படகுக்காகக் காத்திருந்து சேர்ந்து கடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கால்வாயில் உதவி கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

புறப்படும் முன், லாக் மூடல் பற்றிய டிரஸ்ட்டின் அறிவிப்புகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் பழுதுபார்க்கவும், கோடையில் தண்ணீர் குறைந்தும் மூடுவார்கள். முடிந்தால் ஓரிரு நாளில் முடியும் ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) உள்நாட்டு நீர்வழிப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மட்டும் நண்பரை லாப்வொர்த்துக்கு வரவழைத்து, எதிலும் கை வைக்காமல் கரையில் நிற்கச் சொல்லுங்கள். பின்முனை வெள்ளைக் கோட்டை நெருங்கினால் மட்டும் அவர் குரல் கொடுக்கட்டும்.