புழுவெட்டும் காது இரைச்சலும்

கேள்வி: திருக்கோவிலைச் சேர்ந்த ஆசிரியை நான், வயது 34. சென்ற வருடம் பின்தலையில் இரண்டு இடங்களில் புழுவெட்டு விழுந்தது. சில வாரங்களாக இடது காதில் இரைச்சல். வகுப்பில் பின் வாங்கில் இருக்கும் பிள்ளைகள் சொல்வதும் விளங்குவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? மாமி காதுக்கு எண்ணெய் விடச் சொல்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரி, தொடர்பு இருக்கக்கூடும், ஆயினும் புழுவெட்டு வந்த பெரும்பாலானோருக்குக் காது பழுதாவதில்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் முடியின் வேரையே தாக்குவதால் வரும் நோய் இது. நரைத்த முடி பெரும்பாலும் தப்பிவிடுவதையும், மீண்டும் முளைக்கும் முடி முதலில் வெண்மையாக இருப்பதையும் கொண்டு, முடிக்கு நிறம் கொடுக்கும் கலங்களே இத்தாக்குதலின் இலக்குகளுள் ஒன்று என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே இனக் கலங்கள் உட்காதின் நத்தைச்சுருளிலும் இருந்து, ஒலியை நரம்புக்குக் கடத்தத் தேவையான மின்னழுத்தத்தைப் பேண உதவுகின்றன. புழுவெட்டு உள்ளவர்களிடம் செய்த சில சிறிய ஆய்வுகளில், அவர்களே உணராத அளவில், உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. குரல் கேட்டும் சொல் விளங்காமற் போவது இத்தகைய குறையின் இயல்புதான்.

கேட்டல் படிப்படியாகக் குறைந்ததா, ஓரிரு நாட்களுக்குள் குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுவே முக்கியம். மூன்று நாட்களுக்குள் திடீரெனக் குறைந்திருந்தால் அது அவசர நிலை. ஸ்டீரொயிட் மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் கூடிய பலன் தரும். அக்காலம் கடந்துவிட்டதென்று விட்டுவிடவும் வேண்டாம். நடுக்காதினுள் ஏற்றும் ஊசியால் பின்னரும் பயன் பெற்றவர்கள் உண்டு. ஆகவே பாடசாலை விடுமுறை வரட்டும் என்று காத்திராமல், அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.

அங்கே முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் அதனால்தான் என்றால் நல்லதே. இல்லையெனில் கேட்டல் பரிசோதனை செய்வார்கள். புழுவெட்டுடன் தைரொயிட் நோயும் சேர்ந்து வருவதுண்டு, அதுவும் கேட்டலைக் குறைக்கலாம் என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். நீரிழிவு இருந்தால் ஸ்டீரொயிட் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

கண் சிவந்து பார்வை மங்கி, கடும் தலையிடியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். கண், காது, தோல், முடி நான்கையும் தாக்கும் வொக்ட்-கொயனகி-ஹரடா என்ற அரிய நோய் ஆசியர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. தாமதித்தால் பார்வை பறிபோகலாம்.

மாமியின் அக்கறை நியாயமானது. ஆனாலும் செவிப்பறையில் துளை உண்டா என்று தெரியாமல் எண்ணெய் விடக் கூடாது. தலையில் வெங்காயம் தேய்ப்பதையும் தோல் எரிந்தால் நிறுத்துங்கள். இரண்டே திட்டுகள் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முடி முளைக்கிறது, இல்லாவிடில் தோல் கிளினிக்கில் ஊசி போடலாம். தலைக்கு அவகாசம் இருக்கிறது, காதை முதலில் காட்டுங்கள்.