பக்கத்து இருக்கையில் இருந்தவன்

வணக்கம்.

ஒரு மாதமாக அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரூவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவலைப் படித்தேன். வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றக் கிளம்ப வைக்கும் புத்தகம், ஹிப்பிகளின் வேதம் என்றெல்லாம் கேள்விப்பட்டு ஆசையாக வாங்கியது. முதல் நூறு பக்கம் பறந்தது. அதற்குப் பிறகு சலிப்பு, பிறகு கோபம். அதன் நாயகன் டீன் மோரியார்ட்டியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அவன் கார் திருடுகிறான். மூன்று பெண்களைக் கல்யாணம் செய்துகொள்கிறான். சேமித்த பணத்தைப் போட்டுப் புதுக் கார் வாங்கி, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். இதையா விடுதலை என்கிறார்கள்?

இன்னொன்று. மூன்றே வாரத்தில் எழுதிய நாவல், ஒரு வரிகூடத் திருத்தவில்லை என்கிறார்கள். அப்படி எழுதினால் அது நாவலா, நாட்குறிப்பா? கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு நானும் நண்பனும் ஓசூரிலிருந்து லே வரை ஒரே பைக்கில் போனோம். பெரும்பாலும் அவன்தான் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். திரும்பியதிலிருந்து பேசிக்கொள்வதில்லை, அது வேறு கதை. அந்தப் பயணத்தை எழுதிவைத்திருக்கிறேன். முதல் நாற்பது பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். இது நாவல் ஆகுமா?

எஸ்., ஓசூர்


அன்புள்ள எஸ்.,

நான் இந்த நாவலை முதலில் படித்தது இருபத்து மூன்று வயதில். அட்டை கிழிந்த பழைய பிரதி. அன்று என் கண்ணில் பட்டது டீன் ஒருவன்தான். தூங்காமல், நிற்காமல், பேசிக்கொண்டே காரை விரட்டும் அந்த ஆளைப் போல ஒருநாளாவது இருந்துவிட வேண்டும் என்று தவித்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு மறுபடி எடுத்தபோது, அவனை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஸால் பாரடைஸிடம் என் கண் போய் நின்றுவிட்டது. கதை சொல்பவன் அவன்தான். ஸால் என்பது கெரூவாக், டீன் என்பது அவருடைய நண்பர் நீல் காஸடி.

கெரூவாக் நல்ல ஓட்டுநர் கிடையாது. எனக்கு வண்டி அவ்வளவாக ஓட்ட வராது, லைசென்ஸும் இல்லை என்று ஸாலே ஆரம்பத்தில் ஒப்புக்கொள்கிறான். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற சாலை நாவலை எழுதியவர் அதிகமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் புத்தகமே வேறாகிவிடுகிறது.

ஸாலின் முதல் பயணம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 1947 ஜூலை. பையில் ஐம்பது டாலர். மாதக்கணக்காக வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, 6ஆம் எண் சாலை ஒரே சிவப்புக் கோடாக மேற்கே போவதைக் கண்டு அதிலேயே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறான். அதற்காக நியூயார்க்கிலிருந்து வடக்கே நாற்பது மைல் போய் பேர் மவுண்டன் பாலத்தருகே நிற்கிறான். மழை கொட்டுகிறது. அந்த வழியில் வண்டியே வருவதில்லை. காலில் மெக்ஸிகோ தோல் செருப்பு, சல்லடை போல ஓட்டை, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. கடைசியில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி, கைக்காசில் பெரும்பகுதியைக் கொடுத்து சிகாகோவுக்கு பஸ் டிக்கெட் வாங்குகிறான். வரைபடத்தில் தெரிந்த கோடு தரையில் இல்லை என்பதில்தான் இந்த நாவலே ஆரம்பிக்கிறது. இப்படி ஆரம்பிக்கும் புத்தகத்தை எப்படி விடுதலையின் கொடி ஆக்கினார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மூன்று வார விஷயத்துக்கு வருகிறேன். அது பொய்யில்லை. 1951 ஏப்ரல் 2 முதல் 22 வரை, நியூயார்க் மேற்கு 20ஆம் தெரு வீட்டில், நீளத் தாள்களைத் தட்டச்சு இயந்திரத்துக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டி, பத்தி பிரிக்காமல் ஒரே சுருளாக அடித்தார். சுருளின் நீளம் சுமார் 120 அடி. 1,25,000 சொற்கள் என்று அவரே காஸடிக்கு எழுதிய கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். சுருளின் கடைசிப் பகுதி இன்று இல்லை. நண்பர் லூசியன் காரின் நாய் கடித்துத் தின்றுவிட்டது. அதையும் கெரூவாக் அந்தத் தாளிலேயே கையால் குறித்துவைத்திருக்கிறார்.

ஆனால் அந்த இருபது நாளுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. 1948லிருந்தே இந்த நாவலை எழுதி எழுதிக் கைவிட்டுக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. அவருடைய பெற்றோர் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மாசாசூசெட்ஸின் லோவல் என்ற மில் ஊரில் பிறந்தாலும், ஆறு வயது வரை அவர் பேசியது வீட்டுப் பிரெஞ்சுதான். சுருளைத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்புகூடப் பிரெஞ்சில் ஒரு கதை எழுதிப் பார்த்திருக்கிறார். காதால் கற்ற மொழி அவருடைய ஆங்கிலம். அந்த நீண்ட வாக்கியங்களில் இலக்கணத்தை இழுத்துக்கொண்டு ஓடுவது ஓசை. சத்தமாக வாசித்துப் பாருங்கள், சலிப்பு என்று நீங்கள் சொன்ன பக்கங்களில் பாதியாவது எழுந்து நடக்கும்.

அவருக்கு அந்தக் குரலைக் கொடுத்தது 1950 டிசம்பரில் காஸடி எழுதிய ஒரு கடிதம். ஆயிரக்கணக்கான சொற்கள், மூச்சு விடாமல், ஒரு நினைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகும் கடிதம். அதைப் படித்த பிறகுதான் நண்பனுக்குச் சொல்வதுபோல நாவல் எழுதலாம் என்ற தைரியம் அவருக்கு வந்தது. ஆக, நாவலின் கதாநாயகன் மட்டுமில்லாமல் நாவலின் நடையும் காஸடியிடமிருந்து வந்ததுதான். இங்கேயும் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்.

திருத்தவே இல்லை என்பது தவறு. வைக்கிங் பதிப்பகம் புத்தகத்தை வெளியிட்டது 1957 செப்டம்பர் 5 அன்று. இடையில் ஆறு ஆண்டுகள் திருத்தம், சுருக்கம், அவதூறு வழக்குக்குப் பயந்து பெயர் மாற்றம். எல்லாத் திருத்தமும் நல்லதற்கில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2007இல் சுருளின் மூல வடிவம் அச்சில் வந்தபோது முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அப்பா இறந்து கொஞ்ச நாளில்தான் நீலைச் சந்தித்தேன் என்று தொடங்குகிறது. நீங்கள் படித்த பிரதியில் அது, மனைவியும் நானும் பிரிந்து கொஞ்ச நாளில் என்று மாறியிருக்கும். அப்பாவின் சாவு போய் விவாகரத்து வந்துவிட்டது. உண்மையில் 1946இல், வயிற்றுப் புற்றுநோயில் கிடந்த அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் கெரூவாக். அம்மா செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒவ்வொரு பயணமும் முடிந்து ஸால் திரும்பிப் போகும் வீடு நாவலில் அத்தை வீடு. நிஜத்தில் அது அம்மாவின் வீடு. சமையலறையில் வெளிச்சம் எரியும், சாப்பாடு இருக்கும். அங்கே போய் விழுந்து எழுதுவார்.

இன்னொரு சாவும் உண்டு. அண்ணன் ஜெரார்ட் ஒன்பது வயதில் இறந்தபோது கெரூவாக்குக்கு நான்கு வயது. நாவலின் தொடக்கத்திலேயே டீனைப் பற்றி ஸால், எப்போதோ தொலைந்துபோன சகோதரனை நினைவூட்டுகிறான் என்று சொல்லிவிடுகிறான். நான் இருபத்து மூன்றில் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. பெண்கள். உங்கள் கோபம் நியாயமானது. கெரூவாக்குக்காக வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு நாவலுக்குள்ளேயே, நீங்கள் எழுதியதைவிடக் கடுமையாக இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் சான் பிரான்சிஸ்கோ வீட்டுக் காட்சியை மறுபடி படியுங்கள். டீனின் கட்டைவிரலில் கட்டு. முதல் மனைவி மேரிலூவை அடித்ததில் விரல் முறிந்து, சீழ் வைத்து, நுனியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அழுக்கேறிய அந்தக் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் நடுவில் நிற்க, சுற்றிலும் பெண்கள். அதில் கலாட்டியா என்பவள் நிதானமாக உட்கார்ந்தபடியே நேருக்கு நேர் சொல்கிறாள்: உனக்கு உன் குஷியைத் தவிர வேறு யாரும் பொருட்டில்லை, ஒரு சிரிப்பில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போகிறவன் நீ. அறையில் ஒருவர்கூட அவள் சொல்வதை மறுப்பதில்லை. டீன் எதுவும் பேசாமல் சிரித்து, ஆடி, பிறகு தனியாகத் தெருவாசலில் போய் நிற்கிறான். ஸால் அவன் பக்கம் சேர்ந்துகொள்கிறான். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தே சேர்கிறான். அந்த முடிவுக்கு நாவல் நியாயம் கற்பிப்பதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது டெர்ரியின் பகுதி. கலிபோர்னியாவில் பஸ்ஸில் சந்திக்கும் மெக்ஸிகோ வம்சாவளிப் பெண், பையன் ஒருவனுக்குத் தாய். மூவரும் ஒரு கூடாரத்தில் தங்கிப் பருத்தி எடுக்கிறார்கள். நூறு பவுண்டுக்கு மூன்று டாலர். ஸாலின் விரல்களில் ரத்தம் வருகிறது, நாள் முழுக்க எடுத்தும் ஒன்றரை டாலரைத் தாண்டவில்லை. அவளும் பையனும் அவனைவிட வேகமாக எடுக்கிறார்கள். நாவலில் அவன் உடம்பு வளைந்து வேலை செய்யும் பக்கங்கள் அவை. குளிர் வந்ததும் கிளம்பிவிடுகிறான். நீ நியூயார்க் வா என்கிறான், வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். திராட்சைத் தோட்டத்தின் வரிசைகளுக்கு நடுவே அவள் நடந்து போகிறாள், சில அடி தள்ளி இருவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் நிஜப் பெயர் பீ ஃபிராங்கோ. அவர் கெரூவாக்குக்கு எழுதிய கடிதங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, தான் இப்படி ஒரு புத்தகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. தன் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அடுத்தவர் வாழ்க்கையையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். நீங்களும் நானும் எழுத உட்காரும் முன் நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் அவருடையது.

சுருள் எழுதிய வீட்டில் அப்போது உடனிருந்தவர் இரண்டாவது மனைவி ஜோன். அந்த ஆண்டே பிரிந்தார்கள். 1952இல் பிறந்த மகள் ஜேனைத் தன் குழந்தை இல்லை என்று கெரூவாக் மறுத்தார். அந்த மகள் அப்பாவைச் சந்தித்தது மொத்தமே இரண்டு முறை. இரண்டாவது தடவை அவளுக்குப் பதினைந்து வயது, மெக்ஸிகோவுக்குப் போகப் போவதாகச் சொல்ல வந்திருந்தாள். தொலைக்காட்சி முன் குடித்துக்கொண்டிருந்தவர், போய்ப் புத்தகம் எழுது, என் பெயரைப் பயன்படுத்திக்கொள் என்றாராம். அவளும் பின்னாளில் எழுதினாள்.

காஸடி 1968 பிப்ரவரியில், மெக்ஸிகோவில் ரயில் பாதையோரம் மயங்கிக் கிடந்து, நாற்பத்து இரண்டு வயது முடியும் முன்பே இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில், குடியால் ஈரல் கெட்டு, ஃபுளோரிடாவில் கெரூவாக். வயது 47. புத்தகம் வந்த நாளிலிருந்து வாசகர்கள் அவரிடம் டீனைத்தான் தேடி வந்தார்கள். கூச்சமும் கத்தோலிக்க பக்தியும் கொண்ட, அம்மாவை விட்டுப் பிரிய முடியாத ஒருவர் அந்த எதிர்பார்ப்புக்கு முன்னால் நிற்க முடியாமல் குடித்தார் என்றே நான் நினைக்கிறேன்.

நாவலின் கடைசியில் டீன் ரயிலேறி மூவாயிரம் மைல் கடந்து நியூயார்க் வருகிறான், ஸாலைப் பார்க்க. கடுங்குளிர். அந்தக் குளிருக்கென்றே கொண்டுவந்த கோட்டை அந்துப்பூச்சி அரித்திருக்கிறது. ஸால் வேறு நண்பர்களோடு ஒரு காடிலாக் காரில் கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். நாற்பதாவது தெரு வரை என்னை ஏற்றிக்கொண்டு போகமாட்டீர்களா என்று டீன் கேட்கிறான். வண்டிக்காரருக்கு விருப்பமில்லை. ஸால் பின் இருக்கையில் இருந்து கையசைக்கிறான். கண்டம் முழுக்கத் தன்னை ஏற்றிக்கொண்டு போனவனுக்கு சில தெருக்கள் இடம் கொடுக்க அவனால் முடியவில்லை. டீன் ஏழாவது அவென்யூ முனையில் திரும்பித் தனியாக நடந்துபோகிறான். இந்தக் காட்சியை எழுதுவதற்காகவே மற்ற முந்நூறு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் நாற்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். மணாலிக்கு மேலே சாலை நன்றாக வந்திருக்கிறது. கல்லும் பனியும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் உங்கள் நண்பர் மொத்தமே மூன்று இடத்தில்தான் வருகிறார், மூன்றும் பெட்ரோல் போடும் இடம். அத்தனை நாளும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். அவர் எந்த ஊரில் பேச்சை நிறுத்தினார், அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்தப் பக்கங்களை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.