நடிகையின் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மனீஷா கொய்ராலா தன் புற்றுநோய்க் காலத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்தேன். ‘பம்பாய்’ பார்த்த நாளிலிருந்து அவருடைய ரசிகன் நான். ஆனாலும் ஒரு நெருடல். மணவாழ்க்கை முறிந்ததையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டுமா? நடிகைகளின் தன்வரலாறுகள் எல்லாமே அனுதாபம் தேடுபவைதானே? இன்னொருவர் கூட இருந்து எழுதியது எப்படி அவருடைய எழுத்தாகும்? நியூயார்க் போய்ச் சிகிச்சை பெற முடிந்தவரின் கதை நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘பம்பாய்’ வந்தது 1995இல். இத்தனை ஆண்டுகள் ஒருவரை மனத்தில் வைத்திருந்து, அவருடைய நோய்க்கதையையும் தேடிப் படித்திருக்கிறீர்கள். நல்ல மனம்தான். கேள்விகள்தாம் சரியில்லை.

உடன் எழுதியவரின் பெயர் நூலிலேயே இருக்கிறது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. 2012இல் சினைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டதும் நியூயார்க் போக முடிந்ததற்குப் பணமும் காரணம்தான். அதற்கு அவர் என்ன செய்வார்? விடுங்கள்.

அனுதாபம் தேடுகிறார்கள் என்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வங்காள நாடக நடிகை பினோதினி தாசி, பணக்காரர் ஒருவரின் ஆசைநாயகியாக இருக்கச் சம்மதித்ததால்தான் 1883இல் கல்கத்தாவில் ஒரு நாடக அரங்கு எழுந்தது. உன் பெயரையே வைக்கிறோம் என்று உடனிருந்தவர்கள் ஆசை காட்டினார்கள். பலகையில் ஏறிய பெயர் ‘ஸ்டார்’. பல ஆண்டுகள் கழித்து அவர் தன் கதையை எழுதியபோது, குரு கிரீஷ் சந்திர கோஷ் தந்த முன்னுரையில் உண்மை முழுவதும் வரவில்லை என்று குறைப்பட்டார். அனுதாபம் போதுமென்றால் குருவின் ஆசியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பார். வரவேண்டிய பாக்கியைக் கேட்டவர் அவர்.

ஒரு காலத்தில் தங்கை வேடங்களில் நடித்த அம்மையார் ஒருவரின் நினைவுகளை வார இதழுக்காக எழுதிவரச் சாலிகிராமம் போவேன். பெயர் வேண்டாம். ஒருநாள், தன் தாயார் எழுதிய கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். படத்துக்குப் படம் அட்வான்ஸ், பாக்கி, பேட்டா. கீழே செலவு: தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ், மாமாவின் கடன், அக்காள் வளைகாப்பு. அந்தப் பக்கத்தில் அவருக்கென்று இருந்தது ஒரே வரி, ‘பாப்பாவுக்குச் செருப்பு.’

“சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் கேட்டதே இல்லையா அம்மா?”

“கேட்டால் அம்மா வருத்தப்படுவாளே, தம்பி.”

தாயார் காலமான பிறகு, நாற்பது வயதைத் தாண்டித்தான் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினார். கொடுத்த முதல் செக் திரும்பி வந்துவிட்டது, கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். ரசிகர்களுக்குப் போட்டுக்கொடுத்த ஆட்டோகிராஃப்தான் அவர் அறிந்த கையெழுத்து. சுழியும் வாலுமாக, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விழும். வங்கியில் உட்கார்ந்து ஒரு தாள் முழுக்கத் தன் பெயரை எழுதிப் பழகியதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தூக்க மாத்திரையை விட்டது, கோயில் கோயிலாகப் போனது எல்லாம் சொன்னார்தான். ஆனால் அவர் பிழைத்து எழுந்தது அந்தத் தாளில்தான் என்பேன். பத்திரிகை ஆசிரியர் அந்தப் பகுதியை அடித்துவிட்டு, கதாநாயகர்களைப் பற்றி ஏதாவது கேட்டு வா என்று என்னைத் திருப்பி அனுப்பினார்.

அன்றிலிருந்து எந்த நடிகையின் தன்வரலாற்றை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது பணத்தைத்தான். சம்பளத்தை யார் வாங்கினார்கள்? எந்த வயதில் அவர் கணக்குக் கேட்டார்? கேட்ட அன்று வீட்டில் யார் முகம் சுருங்கியது? இதையெல்லாம் தாண்டிக் குதித்து நேரே தியானத்துக்கும் மன அமைதிக்கும் போய்விடும் நூல்களை நான் பாதியில் மூடிவிடுகிறேன். குடும்பத்தை ஊரறியச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். குடும்பமே அவள் சம்பாத்தியத்தில் நடந்திருக்கும்போது அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வாள்?

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பெண் யாராவது இருந்தால், அவளுடைய ஏடிஎம் அட்டை யாருடைய பையில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். மனீஷாவின் மணமுறிவைப் பற்றிப் பிறகு பேசலாம்.