பிரான்சுக்கு நாயோடு கேம்பர்வேன் பயணம்: 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்றால் போதுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் லண்டனில் இருக்கிறோம். ஆகஸ்டில் மூன்று வாரம் கேம்பர்வேனில் ஃபோக்ஸ்டன் சுரங்க ரயில் வழியாகப் பிரான்சுக்குப் போய், லுவார் ஆற்றங்கரையில் சைக்கிளும் நடையுமாகச் சுற்றிவிட்டு, ஸ்பெயினையும் எட்டிப் பார்த்துத் திரும்பத் திட்டம். இரண்டு வயது லேப்ரடாரும் வருகிறான். எல்லா ஊசியும் போட்டாச்சு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையும் கொடுக்கிறோம். பயணச் சான்றிதழுக்கு எங்கள் கிளினிக்கில் 230 பவுண்டு கேட்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரோ, பிரான்சில் ஆள் இருக்கிறார், ஐரோப்பிய பெட் பாஸ்போர்ட்டே மலிவாக வாங்கித் தருவார் என்கிறார். எதை நம்புவது? சைக்கிளில் போகும்போது நாயை வேனில் விட்டுப் போகலாமா?

பதில்: சான்றிதழ் விஷயத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்து, அதில் 'ரேபிஸ்' (வெறிநோய்) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. பிரிட்டனில் வழக்கமாகப் போடுவது டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோ ஆகியவற்றுக்கான ஊசிகள். வெறிநோய் இந்த நாட்டு நாய்களிடம் இல்லாததால் அதற்கான ஊசி அந்தப் பட்டியலில் சேர்வதில்லை. கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். 'எல்லா ஊசியும்' போட்ட நாய்கள் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஊசி போட்ட நாளை பூஜ்யம் என்று வைத்து 21 நாள் எண்ண வேண்டும். ஜூலை 1 அன்று போட்டால் ஜூலை 22க்கு முன் எல்லை தாண்ட முடியாது. ஊசிக்கு முன்போ, அதே வேளையிலோ மைக்ரோசிப் படிக்கப்பட்டு, அந்த 15 இலக்க எண் பதிவாகியிருக்க வேண்டும். சிப் பின்னால் வைக்கப்பட்டிருந்தால் பழைய ஊசி கணக்கில் வராது; மறுபடி ஊசி, மறுபடி 21 நாள். பூஸ்டர் ஒரே ஒரு நாள் தவறியிருந்தாலும் கதை அதேதான். அதனால் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நாயைக் கொண்டுவந்த உறவினர்கள், "ரத்தப் பரிசோதனை செய்து மூன்று மாதம் காத்திருக்கணும்" என்று உங்களைப் பயமுறுத்தலாம். அது அந்த நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கான விதி. இங்கிருந்து பிரான்சுக்குப் போக ரத்தப் பரிசோதனை தேவையில்லை. 'பேக்கேஜ்' என்று சொல்லி யாராவது அதையும் சேர்த்து விற்றால், அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

இனி சான்றிதழ். ஏ.எச்.சி. (அனிமல் ஹெல்த் சர்டிஃபிகேட்) என்று சொல்லப்படும் அந்தத் தாள்கட்டை எல்லாக் கால்நடை மருத்துவரும் தர முடியாது. 'அஃபீஷியல் வெட்' என்ற அரசு அங்கீகாரம் பெற்றவர்தான் கையெழுத்திடலாம். போனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் நாளுக்கு முந்தைய 10 நாட்களுக்குள் அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முறை நுழையத்தான் அது செல்லும். உங்கள் மூன்று வாரத்துக்கும், திரும்பி வருவதற்கும் அதே தாள் போதும். அடுத்த ஆண்டு மறுபடி போனால் மறுபடி காசு. சான்றிதழின் மொழி, நீங்கள் முதலில் நுழையும் நாட்டின் மொழியாக இருக்க வேண்டும். நீங்கள் ஸ்பெயின் வரை போவதாகச் சொன்னதும் ஸ்பானிஷ் படிவத்தை அச்சிட்டு நீட்டுவார்கள். நுழைவது சுரங்க ரயில் போய்ச் சேரும் கலே வழியாக என்றால் பிரெஞ்சுப் படிவம்தான் வேண்டும். கிளினிக்கை விட்டுக் கிளம்புமுன் அங்கேயே மேசையில் வைத்துச் சரிபாருங்கள்: சிப் எண்ணின் 15 இலக்கமும், ஊசி செல்லுபடியாகத் தொடங்கும் தேதி (முதல் ஊசியானால் போட்ட நாள் அல்ல, 21 நாள் கழித்து வரும் தேதி), எல்லாப் பக்கமும் இருக்கிறதா, அடித்துத் திருத்திய இடங்களில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா. ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் எல்லையில் உங்களை நிறுத்திவிடலாம்.

230 பவுண்டு அதிகம்தான். பெரும்பாலும் 100க்கும் 250க்கும் இடையே கேட்கிறார்கள். நாலு இடத்தில் விசாரியுங்கள். இந்தச் சான்றிதழை மட்டுமே செய்யும் மருத்துவர்கள் குறைவாக வாங்குவது உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் 2020 முடியும்வரை, பெட் பாஸ்போர்ட் என்ற ஒரே நீலப் புத்தகம் ஒரு நாயின் ஆயுளுக்கும் போதுமாக இருந்தது. அதே நாய், அதே ஊசி, அதே சிப். இப்போதோ பயணத்துக்குப் பயணம் புதுத் தாள்கட்டு. இதனால் எந்த நாயின் உடல்நலம் கூடியது என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை. 2025 மே 19 அன்று லண்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடந்த உச்சி மாநாட்டை ஒட்டி, பெட் பாஸ்போர்ட் திரும்ப வரும் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அறிவிப்பைக் காட்டி ரயில் ஏற முடியாது.

அந்தப் பிரான்ஸ் 'ஆள்' விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வேண்டாம். ஐரோப்பிய பெட் பாஸ்போர்ட் ஒன்றியத்துக்குள் வாழ்பவர்களின் பிராணிகளுக்கு உரியது. லண்டனில் குடியிருந்துகொண்டு, யாருடைய முகவரியையோ போட்டு வாங்கினால் பொய்த் தகவல் தந்தவர் நீங்கள்தான். கலேயில் நாயை நிறுத்தி வைத்தால் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். "நாயைக் கொண்டுவரவே வேண்டாம், விவரத்தை மட்டும் அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால், அதைவிடத் தெளிவான எச்சரிக்கை உங்களுக்குத் தேவையில்லை. நாயைப் பார்க்காமல், சிப்பைப் படிக்காமல், ஊசிப் பதிவைக் கையில் வாங்காமல் நேர்மையான மருத்துவர் எவரும் கையெழுத்திட மாட்டார்.

திரும்பி வரும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும், பிரசிகுவாண்டெல் உள்ள நாடாப்புழு மருந்தை ஒரு கால்நடை மருத்துவர் கொடுத்து, மருந்தின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைச் சான்றிதழில் எழுதி முத்திரை குத்தியிருக்க வேண்டும். வீட்டில் நீங்கள் கொடுக்கும் மூன்று மாத மாத்திரை இதற்கு உதவாது. அந்த மருந்து குடலில் அப்போது இருக்கும் புழுவைக் கொல்லும். மறுநாள் நாய் வயலில் ஒரு எலியைப் பிடித்துத் தின்றால் புதிதாகத் தொற்றும். இங்கே அஞ்சப்படுவது நரிகளின் வழியே பரவும் ஒரு வகை நாடாப்புழு. நாய்க்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மனிதருக்குத் தொற்றினால் ஈரலில் புற்றுக்கட்டி போலப் பரவும். பிரிட்டனில் அது இல்லை, இல்லாமலே இருக்கட்டும். விதிகளில் நான் மனதாரப் பாராட்டுவது இது ஒன்றைத்தான்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், மருந்து கொடுக்க இயலும் நேரம் திங்கள் மாலை 4 முதல் வெள்ளி மாலை 4 வரை. புதன் அல்லது வியாழன் காலையை இப்போதே முன்பதிவு செய்யுங்கள். ரயில் சில மணி நேரம் தாமதமானாலும் கவலையில்லை. ஆகஸ்ட் 15 பிரான்சில் அரசு விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தின் தங்குமிடத்தைக் காட்சிக்காகத் தேர்ந்தெடுக்காமல், கால்நடை மருத்துவமனை உள்ள ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தவறவிட்டால் கலே அருகில் மருத்துவரைப் பிடிக்கலாம். ஆனால் மருந்து கொடுத்து 24 மணி நேரம் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம் என்பதால் விரித்துச் சொல்கிறேன். குறுகிய பயணமானால் பிரிட்டனிலேயே மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். வியாழன் காலை 10 மணிக்கு இங்கே கொடுத்தால், வெள்ளி காலை 10க்கு முன் திரும்பக் கூடாது. செவ்வாய் காலை 10க்குப் பின்னும் கூடாது. பதிவு அதே சான்றிதழில் இருக்க வேண்டும் என்பதால், சான்றிதழ் வாங்கும் அதே சந்திப்பிலேயே மருந்தையும் முடிப்பது வசதி. மழை, வேலைநிறுத்தம், வேன் பழுது என்று செவ்வாய் 10 தாண்டிவிட்டால் முதல் மருந்து வீண். பிரான்சில் மறுபடி கொடுத்து மறுபடி 24 மணி நேரம். இப்படிப் போய் வந்த நாய்க்கு, திரும்பி 28 நாட்களுக்குள் இன்னொரு முறை மருந்து கொடுக்கவும் வேண்டும். வெளிநாட்டில் நான்கு நாள் திரிந்த நாய்க்கு, கிளம்புமுன் கொடுத்த மருந்தால் பாதுகாப்பு ஏதும் இல்லை என்பதுதான் காரணம். உங்கள் பயணம் மூன்று வாரம். "கிளம்பும்போதே கொடுத்துவிட்டால் போதும்" என்று யார் சொன்னாலும் அது உங்களுக்குப் பொருந்தாது.

சைக்கிளில் போகும்போது வேனில் விடலாமா? ஆகஸ்டில் கூடாது. 'முழு இன்சுலேஷன் செய்த வேன்' என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். அது உள்ளே ஏறிவிட்ட சூட்டையும் பிடித்து வைக்கும். கூரை ஃபேன் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. வெளியே 32 டிகிரி என்றால் உள்ளேயும் அதற்குக் குறையாது. ஏ.சி.யோ, வேன் நிறுத்தும் முகாமின் மின் இணைப்பை நம்பியது. பிரெஞ்சு முகாம்களில் பல இடங்களில் 6 ஆம்பியர்தான்; ஏ.சி.யோடு கெட்டிலையும் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். நீங்கள் 20 கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் இருப்பீர்கள்.

நாய்க்கான சைக்கிள் டிரெய்லர் வாங்குங்கள். ஆண் லேப்ரடார் 30 கிலோவைத் தாண்டுவது சகஜம், டிரெய்லரின் எடை வரம்பைப் பார்த்து வாங்குங்கள். இன்றே வீட்டுக்குள் நிறுத்தி, அதற்குள் சாப்பாடு வையுங்கள். ஓடும் டிரெய்லருக்குப் பழகச் சில வாரம் ஆகும். சைக்கிளோடு ஓடவிடுவதைக் காலைக் குளிர்ச்சியில் சில நிமிடங்களோடு நிறுத்துங்கள். நடைக்குப் பின் தினமும் காது, கால் இடுக்கு, விரலிடுக்கு என்று உண்ணி தேடுங்கள்; பிரான்சில் உண்ணிகள் பரப்பும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி நாயைச் சில நாளில் சாய்த்துவிடும். சிறுநீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

வேனில் 12 கிலோ நாய்த்தீனி மூட்டையையும் ஏற்றப் பார்ப்பீர்கள். இறைச்சி கலந்த தீனியை இங்கிருந்து ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மருத்துவக் காரணத்துக்கான சிறப்புத் தீனிக்கு மட்டும் 2 கிலோ வரை அனுமதி உண்டு. உங்கள் நாய் தின்னும் பிராண்ட் பிரான்சில் கிடைக்கிறதா என்று முன்பே பாருங்கள். கிடைக்காவிட்டால், அங்கேயும் கிடைக்கும் ஒன்றை இங்கேயே வாங்கி, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றத் தொடங்குங்கள். திடீரென்று தீனியை மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். வேனுக்குள் அதைச் சமாளிப்பது எளிதல்ல.